பினாங்கு வண்டியின் தரகர்

ரயில் நிலையத் தூணில் இருந்த துளையருகே வாயை வைத்து, துர்காஷினி தனக்கு வேண்டியதை ஒரே வாக்கியத்தில் சொன்னாள்.

“வேணாம்னு சொல்றது தப்பில்லன்னு யாராவது ஒருத்தர் எனக்குச் சொல்லணும்.”

பச்சை விளக்கு எரிந்தது. இருக்கை எண் பதினான்கு, ஜன்னலோரம்.

கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு வானூர்தியில் பதினெட்டு நிமிடம், ரயிலில் இரண்டரை மணி நேரம். ஆனாலும் வானூர்திகள் காலியாகப் பறந்தன. ரயில் டிக்கெட்டுக்குத்தான் அடிதடி. எல்லாம் துணைதேர் பொறியின் மகிமை. ஜனங்கள் அதைச் செல்லமாகத் ‘தரகர்’ என்பார்கள். என்ன வேண்டும் என்று தூணிடம் சொன்னால் போதும், அன்றைய வண்டியில் ஏறும் தொள்ளாயிரம் பேரில் தோதான ஆளைப் பொறுக்கிப் பக்கத்தில் உட்கார வைத்துவிடும். அடுத்தவருக்காகவும் கேட்டு வைக்கலாம். வேலையில்லாதவனுக்கு முதலாளி கிடைத்தார். கணவனைப் பறிகொடுத்தவளுக்கு அதே துக்கத்தைத் தாண்டி வந்தவள் கிடைத்தாள். பதினோரு வருடமாக நாடே அதற்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தது. நாளடைவில் அண்ணன் தம்பியிடமும் அக்கம்பக்கத்திலும் கேட்க வேண்டியதைக்கூடத் தூணிடமே கேட்கப் பழகிவிட்டார்கள். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

துர்காஷினியின் கதை இதுதான். அவளுடைய நாத்தனார் லோஷினி பினாங்கு மருத்துவமனையில் கிடக்கிறாள். கல்லீரல் போய்விட்டது. இதயத்தைக்கூட அச்சில் வார்த்துவிடும் விஞ்ஞானிகளுக்குக் கல்லீரல் மட்டும் மசியவே இல்லை. உயிரோடு இருக்கும் ஒருவர்தான் தன்னுடையதில் பாதியை அறுத்துக் கொடுக்க வேண்டும். கொடுத்தவருக்கு அது மறுபடி வளர்ந்துவிடும், ஏதோ ஒன்றிரண்டு பேரைத் தவிர. அந்த ஒன்றிரண்டு பேர்தான் துர்காஷினியைத் தூங்கவிடவில்லை. குடும்பத்தில் பதினேழு பேரைச் சோதித்ததில் ஒத்துப்போனது அவளுடையது ஒன்றுதான். நாளைக் காலை அறுவை சிகிச்சை.

பக்கத்து இருக்கையில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் வந்து அமர்ந்தார். பெயர் கிருபாகரன் என்றார். உட்கார்ந்ததும் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்.

“பசியாறிட்டீங்களா தங்கச்சி?”

“இல்லண்ணே.”

“அப்ப பாதி எடுத்துக்குங்க. நா தரகர்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்லா. தூங்க விடற ஆளு வேணும்.”

துர்காஷினிக்குச் சிரிப்பு வந்தது. பினாங்கில் என்ன வேலை என்று கேட்டாள்.

“வருஷா வருஷம் செக்கப். எனக்குள்ள இருக்கறது வேற யாரோட ஈரலோ. இருபத்திரெண்டு வருஷமா ஓடுது.”

கையிலெடுத்த சோற்றை அவள் பொட்டலத்திலேயே போட்டாள். அடப்பாவி தரகரே! வேண்டாம் என்பது தப்பில்லை என்று சொல்ல ஆள் கேட்டால், ஊரான் ஈரலில் உயிர் வாழ்கிறவரையா கொண்டுவந்து உட்கார வைப்பாய்? ஆத்திரத்தில் எல்லாவற்றையும் அவரிடமே கொட்டிவிட்டாள்.

“எல்லாரும் என் கையப் புடிச்சி அழுதாங்கண்ணே. மாமியார் கால்லயே விழ வந்துட்டாங்க. குடுக்கறியான்னு மட்டும் ஒரு ஆளு கேக்கல. ரத்தம் ஒத்துப்போச்சு, டிக்கெட்டப் போட்டாச்சு, அவ்வளவுதான். எனக்கு ரொம்பப் பயமா இருக்கு. நடுவுல ஈப்போல இறங்கிடப் போறேன்.”

இனி உபதேசம் ஆரம்பமாகும் என்று காத்திருந்தாள். அவரோ பொட்டலத்தை மடித்து வைத்தார்.

“மொதல்ல எங்க அண்ணன்தான் குடுக்கறதா இருந்திச்சு,” என்றார். “ஆப்பரேசன் அன்னிக்கிக் காலைல ஆளக் காணோம். ஒம்பது மாசம் கழிச்சி முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர் குடுத்தாரு. அந்த மவராசன் பேருகூடத் தெரியாது, தெனம் சாப்பிடறப்ப கும்புட்டுட்டுத்தான் கைய வைப்பேன். அண்ணன மட்டும் பாக்கவே இல்ல. பினாங்குல, படகுத்துறைலதான் இருக்காரு. கோழைன்னு முடிவு பண்ணிட்டேன்.”

அவள் கையைப் பார்த்தார். அது நடுங்கிக்கொண்டிருந்தது.

“அவருக்கும் இப்படித்தான நடுங்கியிருக்கும்? நா கேக்கவே இல்லியே தங்கச்சி. ஒத்துப்போச்சுன்னு டாக்டர் சொன்னாரு, நா சந்தோஷப்பட்டேன். அண்ணே, குடுக்கறியான்னு ஒரு வார்த்த கேக்கல.”

வண்டி ஈப்போவில் நின்றது. கதவுகள் திறந்தன. கிருபாகரன் எழுந்து, மேலே இருந்த அவள் பையை இறக்கி அவள் மடியில் வைத்தார்.

“இறங்கிக்குங்க. தப்பில்ல. ஈரல் வாங்கிப் பொழச்சவன் சொல்றேன், தப்பே இல்ல.”

துர்காஷினி அழுதாள். மூன்று வாரமாக அடைத்துக்கொண்டிருந்ததெல்லாம் கண்ணீராகப் போயிற்று. எழுந்து கதவு வரைக்கும்கூடப் போனாள். மணி அடித்தது. திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

“சொல்லாம ஓட வேணாம்ண்ணே. குடுக்க முடியலன்னா அவ மூஞ்சியப் பாத்தே சொல்லிட்டு வரேன்.”

அதற்கப்புறம் அவர் தூங்கவே இல்லை. நீரிணைப் பாலத்தில் வண்டி ஏறியபோது இருவரும் பழைய துறைமுகத்தைப் பார்த்தார்கள். கப்பலேறி வந்த எத்தனையோ தமிழர்கள் முதன்முதலாகக் கால் வைத்த கரை. தண்ணீர்மேல் மரக்கால்களில் நிற்கும் வீடுகள், அவற்றின் பின்னே சிவப்பு ஓட்டுக் கூரைகள். இருவருக்கும் மனம் நிறைந்திருந்தது. தரகருக்குக் கோடி நன்றி என்று அவள் சொல்ல, அவர் தலையாட்டினார்.

இறங்கும்போது யாருடைய வேண்டுகோளின்படி உட்கார வைத்தோம் என்று ஒரு சீட்டு கொடுப்பது தரகரின் வழக்கம். கிருபாகரன் தன்னுடையதை முதலில் படித்தார்.

‘வேண்டிக்கொண்டவர்: அண்ணன் யுவராஜன், ஜார்ஜ்டவுன். வேண்டுகோள்: என் பயம் எப்படிப்பட்டதென்று என் தம்பி ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். காத்திருப்பு: ஆறு ஆண்டு. இன்று நிறைவேறியது.’

நடைமேடையில் நின்றபடியே அவர் முகத்தைப் பொத்திக்கொண்டார். “ஆறு வருஷமா தூண்கிட்ட கேட்டுக்கிட்டு இருந்திருக்காரு! எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்ல?”

“போட்டா எடுத்திருப்பீங்களா?”

“மாட்டேன்தான்.”

துர்காஷினி தன் சீட்டைப் பிரித்தாள்.

‘தங்கள் வேண்டுகோளுக்கு ஏற்ற துணை இன்றைய வண்டியில் இல்லை. பிறர் வேண்டுகோளுக்குத் தங்கள் நிலை பொருத்தமாக இருந்ததால் இந்த இருக்கை ஒதுக்கப்பட்டது. ஒத்துழைப்புக்கு நன்றி.’

இரண்டு தடவை படித்தாள். “அடப்பாவி! அப்ப உங்களுக்கு மருந்தாக்க என் பயத்தக் கொதிக்க வச்சி எடுத்திருக்கு. எனக்கு வேண்டியத அது குடுக்கவே இல்லியா?”

“அதான் நா குடுத்தேனே,” என்றார் கிருபாகரன்.

அவளுக்குச் சுருக்கென்றது. பொறிக்குச் சொன்ன நன்றியையெல்லாம் திருப்பி எடுத்துக்கொள்ள முடியுமானால் அப்போதே எடுத்திருப்பாள். இரு கைகளாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “ரொம்ப நன்றிண்ணே.” அவர் மருத்துவமனைப் பக்கம் திரும்பாமல் நேரே படகுத்துறைக்கு நடந்தார்.

அவள் அங்கேயே நின்று லோஷினிக்கு போன் போட்டாள்.

“ஏய், என்கிட்ட ஏதாச்சும் கேக்கணுமா நீ?”

மறுமுனையில் விசும்பல். “வாய் வரல அண்ணி. அதான் போன்லயே தரகர்கிட்ட சொல்லி வச்சேன். அண்ணிக்கு மனசிருக்கான்னு யாராவது கேட்டுச் சொல்லணும்னு.”

“தரகருக்கு இன்னிக்கி வேற ஆளோட வேலை இருந்திச்சு. என்னக் கேளு.”

துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதி ஓய்ந்தது.

“உங்க ஈரல்ல பாதி எனக்குக் குடுப்பீங்களா அண்ணி? வேணாம்னாலும் பரவால்ல, நெசமாத்தான் சொல்றேன்.”

“குடுக்கறேன்டி,” என்றாள் துர்காஷினி. “கேட்டியே, அதுக்குத்தான் குடுக்கறேன்.”