மண்புழுக்கள் வீட்டை விட்டு ஓடிய சனிக்கிழமை

"நாரே, இப்ப நீ மாணவியா, முதலாளியா?"

கணக்கு ஆசிரியர் ப்யோ ஒருநாள் வகுப்பில் இப்படிக் கேட்டார். கேட்டதற்குக் காரணம் இருந்தது. அவர் பலகையில் அழகாக ஒரு வட்டம் வரைந்துகொண்டிருந்தபோது, நாரேயின் பைக்குள் இருந்த கைப்பேசி 'கீங், கீங்' என்று கத்தியது. மண்புழுக்களுக்குத் தாகம் எடுத்தால் அது அப்படித்தான் கத்தும்.

வகுப்பே சிரித்தது. நாரே எழுந்து நின்றாள். வலது காலிலிருந்து இடது காலுக்கு மாறினாள்.

"தெரியல சார்" என்றாள்.

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை.

"சரி, தெரிஞ்சதும் சொல்லு. அதுவரைக்கும் மாணவியா உக்காரு" என்றார் ப்யோ.

நாரேயும் அவள் தோழி போராமும் சேர்ந்து ஒரு கம்பெனி நடத்தினார்கள். கம்பெனிக்கு அலுவலகம் கிடையாது. நாற்காலி கிடையாது. முதலாளிகள் இரண்டு பேர். வேலைக்காரர்கள் ஆயிரக்கணக்கில். எல்லாரும் மண்புழுக்கள்.

தென் கொரியாவின் ஜொன்ஜு நகரத்தில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடி வீடுகளின் பின்புறம் ஒரு பெரிய மரப்பெட்டி இருந்தது. அதுதான் கம்பெனி. சமையலறைக் கழிவை லாரியில் ஏற்றி எங்கோ கொண்டுபோய்க் கொட்டினால், அது அங்கே அழுகி, கெட்ட வாயு கிளம்பி, பூமியின் சூட்டை ஏற்றும். அதையே இந்தப் பெட்டியில் போட்டால் புழுக்கள் தின்று நல்ல மண்ணாக்கிவிடும்.

பெட்டிக்குள் சூடு எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல ஒரு சின்னக் கருவியைச் செய்து பொருத்தியவள் போராம். எல்லாம் சரியாக இருந்தால் கைப்பேசியில் பச்சை தெரியும். ஏதாவது தவறினால் சிவப்பு தெரியும், சத்தமும் வரும். புழுக்களைக் கவனிப்பது நாரேயின் வேலை.

பள்ளியின் கடைசி ஆண்டு அது. பெரிய தேர்வு முடிந்துவிட்டது.

"நான் இப்போதைக்கு மேல படிக்கப் போறதில்ல. எனக்குக் கம்பெனிதான்" என்று போராம் சொல்லிவிட்டாள்.

நாரேக்கு அப்படி ஒரேயடியாகச் சொல்ல வரவில்லை. சியோலில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் மண்ணைப் பற்றிப் படிக்க அவளுக்கு ஆசை. விண்ணப்பமும் போட்டிருந்தாள். ஆனால் புத்தகத்தைத் திறந்தால் புழுக்களின் நினைப்பு வந்தது. பெட்டியைத் திறந்தால் புத்தகத்தின் நினைப்பு வந்தது.

"ரெண்டுல எதுடி உனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு?" என்று அம்மா கேட்டாள்.

"காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணும்மா" என்றாள் நாரே.

சனிக்கிழமை மதியம் சியோலில் நேர்முகத் தேர்வு. அன்று காலை அம்மா நாரேயின் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். சூப்பும் வைத்தாள். கடற்பாசி சூப் நாரேக்கு உயிர். ஆனால் அம்மா வைத்தது முட்டை சூப்.

"பரீட்சை அன்னிக்குக் கடற்பாசியா? வழவழன்னு இருக்கும். சாப்பிட்டா வழுக்கி விழுந்துடுவே. பாஸாக மாட்டே."

"அம்மா, அது சூப்பும்மா, வாழைப்பழத் தோல் இல்ல."

"எதுவானாலும் சரி. வழுக்குற எதையும் இன்னிக்குத் தொடாதே."

அப்போதுதான் மாடிப்படியிலிருந்து ஓர் அலறல் கேட்டது. நாரே கதவைத் திறந்து ஓடினாள்.

சுவரில் மண்புழுக்கள் ஏறிக்கொண்டிருந்தன. படிக்கட்டில் ஊர்ந்துகொண்டிருந்தன. யாரோ வாசலில் விட்டிருந்த ஒரு செருப்புக்குள் இரண்டு புழுக்கள் வசதியாகப் படுத்திருந்தன.

நாரே பின்பக்கம் போனபோது போராம் ஏற்கெனவே பெட்டியின் பக்கத்தில் நின்றாள். தலை வாரவில்லை. ஒரு காலில் மட்டும் காலுறை.

"என்ன ஆச்சு?"

"வீட்டை விட்டு ஓடுதுங்க."

"கைப்பேசில என்ன காட்டுது?"

போராம் காட்டினாள். சூடு பச்சை. ஈரம் பச்சை. எல்லாம் பச்சை.

"எல்லாம் சரியா இருந்தா ஏன் ஓடுது?"

"என்னைக் கேட்டா? நான் என்ன புழுவா?" என்றாள் போராம். பிறகு நாரேயின் வெள்ளைச் சட்டையைப் பார்த்தாள். குரல் மாறியது. "நீ கிளம்பு. உனக்குத்தான் இன்னிக்கு நேர்முகத் தேர்வாச்சே. இங்க எது செத்தா உனக்கென்ன?"

நாரேக்குச் சுருக்கென்றது. பேருந்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. போக வேண்டும் என்று கால் சொன்னது. நில் என்று கை சொன்னது. அவள் இரண்டடி நடந்து, இரண்டடி திரும்பி வந்தாள்.

"நல்லா நடனம் ஆடுறே" என்றாள் போராம்.

அதற்குள் திருமதி குவாக் வந்துவிட்டார். அந்தக் குடியிருப்புச் சங்கத்தின் தலைவி அவர்தான். அவர் கீழே நின்று பேசினால் பன்னிரண்டாவது மாடியில் கேட்கும். கையில் ரப்பர் உறை. ஒரு கையில் சிவப்பு வாளி. பின்னால் நாலைந்து பெண்களும் சில குழந்தைகளும்.

"என் வீட்டுக் குளியலறையில புழு! பல் தேய்க்கிற பிரஷ் மேல!" என்றார். "இந்தப் பெட்டியை வைக்க நான்தானே அனுமதி கொடுத்தேன்? இப்ப எல்லாரும் என்னைத்தான் கேக்குறாங்க. வண்டி கொண்டுவரச் சொல்லிட்டேன். இன்னிக்கே பெட்டி போகுது!"

"ஆன்ட்டி, கொஞ்சம் பொறுங்க" என்றாள் நாரே. "எங்ககிட்ட இந்த ஒரு பெட்டிதான் இருக்கு. இது போனா கம்பெனியே போச்சு."

"நான் என்ன உங்களுக்குக் கெடுதலா நினைச்சேன்? இந்த வாரம் எல்லாரும் சேர்ந்து கிம்ச்சி ஊறுகாய் போட்டோம். அவ்வளவு முட்டைக்கோஸ் இலை மிஞ்சிச்சு. குப்பையில போட வேணாம், நம்ம பொண்ணுங்களோட பெட்டிக்கு ஆகட்டும்னு நானே ரெண்டு வாளி கொண்டுவந்து போட்டேன். இதோ, இன்னிக்கும் ஒரு வாளி எடுத்துவெச்சேன். அதுக்குள்ள பிரஷ்ல புழு!"

நாரே பெட்டியின் மூடியைத் தூக்கினாள். மேலே முட்டைக்கோஸ் இலைகள் குவிந்திருந்தன. புழுக்களுக்கு முட்டைக்கோஸ் என்றால் விருந்து. ஆனால் ஒரு புழுகூட இலையின் பக்கம் இல்லை. எல்லாம் மூடியில் ஒட்டிக்கொண்டு, வெளியே போக வழி தேடின.

விருந்தை விட்டு யாராவது ஓடுவார்களா?

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. இலையைக் கையில் எடுத்தாள். புது இலை முறுக்காக இருக்கும், மடித்தால் 'படக்' என்று உடையும். இது துணி மாதிரி தொங்கியது. மேலே கிடந்த சுத்தமான இலை ஒன்றை எடுத்து நாக்கு நுனியில் வைத்தாள்.

"ஐயே! சியோலுக்குப் போற அக்கா குப்பையைத் திங்குது!" என்று ஒரு சிறுமி கூவினாள். குழந்தைகள் கைதட்டினார்கள்.

நாரே முகத்தைச் சுளித்தாள். "உப்பு!"

கிம்ச்சி போடுவதற்கு முன்னால் முட்டைக்கோஸை உப்புத் தண்ணீரில் ஊற வைப்பார்கள். அந்தத் தொட்டியில் கிழிந்து மிஞ்சிய இலைகள் இவை. போராமின் கருவிக்குச் சூடு தெரியும், ஈரம் தெரியும். உப்பு தெரியாது. அதனால்தான் எல்லாம் பச்சை.

போராமுக்கும் புரிந்துவிட்டது. அவள் சிவப்பு வாளியைப் பார்த்தாள். அவள் காதுகள் சிவந்தன.

"அப்படின்னா இவ்வளவுக்கும் காரணம் வந்து..."

நாரே போராமின் காலை நன்றாக மிதித்தாள். காலுறை போடாத கால் அது.

"ஆ!"

"காரணம் நாங்கதான் ஆன்ட்டி" என்றாள் நாரே. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த அறிவிப்பைக் காட்டினாள். அவள் கையெழுத்து. பக்கத்தில் சிரிக்கும் புழுவின் படமும் அவள் வரைந்ததுதான். "பாருங்க, 'முட்டைக்கோஸ் இலை போடலாம்'னு எழுதியிருக்கேன். ஊறவெச்ச இலை வேணாம்னு எழுதவே இல்ல. படிக்கிற அவசரத்துல எழுதினேன். கிம்ச்சி போடுற மாசம் வருதேன்னு எனக்குத் தோணவே இல்ல."

"உப்பு என்ன விஷமா? நாம சாப்பிடலையா?" என்று ஒரு பெண் கேட்டார்.

"புழு தோலாலதான் மூச்சு விடும். கையில வெட்டுக்காயம் இருக்கும்போது உப்புத் தண்ணியில கைவிட்டா எப்படி இருக்கும்? அதுங்களுக்கு உடம்பு முழுக்க அப்படி இருக்கும்."

அங்கே நின்ற பெண்கள் அத்தனை பேரும் அந்த வாரம் உப்புத் தண்ணீரில் கைவிட்டவர்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் 'ஸ்ஸ்' என்றார்கள்.

"நானும் ஒரு வாளி போட்டேன்" என்றார் ஒருவர்.

"நானும்தான்" என்றார் இன்னொருவர்.

திருமதி குவாக் தன் வாளியை மெல்லக் கீழே வைத்தார்.

நாரே சட்டைக் கையை மடித்தாள். இலைகளை அள்ளி வெளியே போட்டாள். "பழைய அட்டைப் பெட்டி வேணும். முட்டை வைக்கிற அட்டை வேணும். தண்ணியில நனைச்சுக் கிழிச்சுப் போட்டா புழுக்களுக்கு மெத்தை மாதிரி இருக்கும்."

குழந்தைகள் வீடுகளுக்கு ஓடினார்கள். அட்டைகள் வந்தன. ஒரு வீட்டிலிருந்து பிரிக்காத பொம்மையோடு அட்டைப் பெட்டி வந்தது. பொம்மையை மட்டும் திருப்பி அனுப்பினார்கள். சிலர் சாப்பிடும் குச்சிகளைக் கொண்டுவந்து சுவரில் இருந்த புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்தார்கள்.

"மெதுவா! நூடுல்ஸ் இல்ல அது!" என்று போராம் கத்தினாள்.

அம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நாரே! வழவழன்னு இருக்குறதைத் தொடாதேன்னு சொன்னேனே! சூப்புலகூட நான் பாசியைப் போடல. நீ புழுவையே பிடிக்கிறியா?"

"அடுத்த பேருந்துல போறேன்மா!"

"பேருந்து நிலையத்துக்கு டாக்ஸி கூப்பிட்டாச்சு! வந்துட்டே இருக்கு!"

நாரேயும் போராமும் பெட்டியின் இரண்டு பக்கமும் மண்டியிட்டு, ஈர அட்டையைப் பரப்பினார்கள்.

"நான் உன்னை விட்டுட்டுப் போயிடுவேன்னு நினைச்சியா?" என்று நாரே மெல்லக் கேட்டாள்.

"நினைச்சேன்."

"இப்ப?"

"வெள்ளைச் சட்டையோட சேத்துல உக்காந்திருக்கே. இப்ப எப்படி அப்படி நினைக்கிறது?" போராம் தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி நீட்டினாள். "மேல இதைப் போட்டுக்கோ. கறை தெரியாது. பின்பக்கம் ஓட்டை இருக்கு, திரும்பி உக்காராதே."

"சியோல்ல இடம் கிடைச்சா என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலடி. கிடைக்கலேன்னாலும் தெரியல."

"எனக்கும்தான் தெரியல. போயிட்டு வா. இன்னிக்கு நான் பாத்துக்கறேன். நாளைக்கு உன் முறை."

நாரேக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் நாளைக்குப் பெட்டி இங்கே இருக்க வேண்டுமே!

கடகடவென்று சத்தம் கேட்டது. காவலாளி சோக் தள்ளுவண்டியோடு வந்து நின்றார். "தலைவியம்மா, பெட்டியை ஏத்தட்டுமா?"

எல்லாரும் திருமதி குவாக்கைப் பார்த்தார்கள். அதே சமயம் வாசலில் டாக்ஸி ஒலி எழுப்பியது.

"போ! கிளம்பு!" என்று போராம் தள்ளினாள்.

நாரே நகரவில்லை. பதில் தெரியாமல் அவளால் எப்படிப் போக முடியும்? "ஆன்ட்டி..." என்றாள்.

திருமதி குவாக் தன் சிவப்பு வாளியைப் பார்த்தார். ரப்பர் உறையைக் கழற்றினார். ஓர் இலையின் ஓரத்தைக் கிள்ளி வாயில் வைத்தார். மென்றார். அவர் முகம் மெல்லச் சிவந்தது. பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். ஈர அட்டைக்கு அடியில் ஒரு புழு வால் ஆட்டியபடி உள்ளே போய்க்கொண்டிருந்தது.

அவர் நிமிர்ந்தார். வாளியைத் தூக்கித் தள்ளுவண்டியில் வைத்தார். வெளியே குவிந்துகிடந்த உப்பு இலைகளை இரண்டு கைகளாலும் அள்ளி அதில் போட்டார். சோக்கின் கையிலிருந்து வண்டியின் பிடியை வாங்கிக்கொண்டார்.

மரப்பெட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. நாரே டாக்ஸியை நோக்கி ஓடினாள். பன்னிரண்டாவது மாடி வரை கேட்கும் குரல்காரர் ஒரு வார்த்தையும் பேசாமல், வண்டியைக் கடகடவென்று தள்ளிக்கொண்டு போனார்.