துரு இல்லாத தண்ணீர்

"எங்க அண்ணனுக்கு விஷம் வெச்சுட்டாங்க மேடம். வெச்சது எங்க அண்ணிதான்."

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு வந்திருந்த அந்த மனிதர் உட்காரக்கூட இல்லை. இரண்டு தாள்களை மேசையில் பரப்பினார். ஒன்று, போன மாதம் இறந்துபோன அவருடைய அண்ணனின் முடியையும் நகத்தையும் சோதித்த ஆஸ்பத்திரி அறிக்கை. உடம்பு முழுக்க ஆர்சனிக் என்றது. மற்றது ஒரு வருடத்துக்கு முன் இதே கூடம் கொடுத்தது. அந்த வீட்டுக் கிணற்று நீரில் ஆர்சனிக் அனுமதித்த அளவுக்குள்தான் இருக்கிறது, தாராளமாகக் குடிக்கலாம் என்றது.

"தண்ணியில இல்லைன்னு நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்க. அப்போ சாப்பாட்டுலதானே வந்திருக்கணும்? ரெண்டு பேருக்கும் ஒரே கிணறு. அண்ணன் போய்ச் சேர்ந்துட்டார், அண்ணி குத்துக்கல்லாட்டம் இருக்காங்க. போலீசுக்குப் போறதுக்கு முன்னாடி இந்த அறிக்கை சரின்னு ஒரு கையெழுத்துப் போடுங்க."

பரிசோதகர் அறிக்கையை இரண்டு முறை படித்தார். அவர் ஒரு வார்த்தை பேசுவதற்குள் எதிரில் இருப்பவர் ஒரு டீ குடித்து முடித்துவிடலாம். அவருக்கு நேர்மாறானவர், வீடு வீடாகப் போய்த் தண்ணீர்ப் புட்டிகளை வாங்கி வரும் ஓட்டுநர். நாற்பது வயதாகியும் நடக்கத் தெரியாமல் ஓடிக்கொண்டே இருந்ததால் எல்லோரும் அவரை "அவசரம்" என்றே கூப்பிட்டார்கள். அந்த வீட்டுப் புட்டியை வாங்கி வந்தவரும் அவர்தான்.

"நல்லா ஞாபகம் இருக்கு மேடம்," என்றார் அவசரம். "புட்டியைத் துணியால துடைச்சு, கண்ணாடி மாதிரி கொடுத்தாங்க அந்த அம்மா."

"மூணு நாள் பொறுங்க," என்று வந்தவரிடம் சொல்லிவிட்டு, பரிசோதகர் எழுந்தார். "வண்டியை எடுங்க."

இறந்தவர் சைக்கிள் பழுது பார்ப்பவர். வீட்டின் பின்னால் அவருடைய பட்டறை, அதை ஒட்டி ஆழ்துளைக் கிணற்றின் அடிபம்பு. பம்பின் வாயும் கீழே இருந்த சிமெண்டுத் தரையும் செக்கச்செவேலென்று துருப்பிடித்திருந்தன. ஒரு டம்ளர் சங்கிலியில் தொங்கியது.

"இதுலதான் அடிச்சு அடிச்சுக் குடிப்பார்," என்றாள் மனைவி. "உள்ள வந்து குடிங்கன்னு சொல்லிச் சொல்லி எனக்கு வாய்தான் வலிச்சது. சில்லுனு இருக்குன்னு சொல்வார்."

அவள் உள்ளே போனதும் அவசரம் துள்ளினார். "பிடிச்சுட்டேன் மேடம்! இங்க இவ்வளவு துரு. நம்ம அறிக்கையில இரும்பே இல்லை. அப்போ புட்டியில இருந்தது வேற எங்கயோ பிடிச்ச தண்ணி. ஏமாத்தியிருக்காங்க!"

"அவசரத்துல அண்டாவுக்குள்ளயும் கை போகாது," என்றார் பரிசோதகர். கையடக்க மானியைப் பம்பு நீரில் நனைத்து அவரிடம் காட்டினார். "உப்பு அளவு அறிக்கையில இருக்கிற அதே எண். இதே கிணறுதான். துரு மட்டும் காணோம். அது எங்க போச்சு?"

சமையலறைத் தரையில் முகம் பார்க்கலாம். இரண்டு பானைகள், வாய்க்கு வெள்ளைத் துணி கட்டி நின்றன. பரிசோதகர் ஒன்றின் அடியில் கைவிட்டு எடுத்தார். விரல் நுனியில் சிவப்பு வண்டல் ஒட்டியிருந்தது.

அதைப் பார்த்ததும் அவசரம் தன் பைக்குள் இருந்த கூடத்தின் குறிப்புச் சீட்டை எடுத்துப் படித்தார். அடுத்த மூன்று நாளும் அவர் ஓடி யாரும் பார்க்கவில்லை.

நான்காம் நாள் அதே சமையலறையில், இறந்தவரின் தம்பியோடு சேர்த்து நால்வரும் கூடினார்கள். பரிசோதகர் இரண்டு புட்டிகளை வைத்தார்.

"இது பம்புல நேரா பிடிச்சது. அனுமதிச்ச அளவைப் போல எட்டு மடங்கு ஆர்சனிக். யாரும் வெச்சதில்லை, பூமிக்கு அடியில தானாவே இருக்கிறது. இது பானையில தெளிய வெச்சது. அளவுக்குள்ள இருக்கு. இந்தத் தண்ணியில இரும்பு அதிகம். காத்துப் பட்டா துருவாகி அடியில தங்கும். தங்கும்போது விஷத்துல பெரும்பங்கைக் கூட்டிட்டுப் போயிடுது. எல்லாக் கிணத்துலயும் இப்படி ஆகும்னு நம்பிடக் கூடாது." அவள் பக்கம் திரும்பினார். "போன வருஷம் எந்தத் தண்ணிம்மா கொடுத்தீங்க?"

"பானைத் தண்ணிதான். ஆபீசுக்குப் போற தண்ணியைக் கலங்கலாவா அனுப்புறது? நம்ம வீட்டைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"நீங்க குடிச்சதும் அதுதான். அவர் குடிச்சது பம்புத் தண்ணி. கிணறு ஒண்ணு, தண்ணி ரெண்டு."

"அண்ணி..." என்றார் தம்பி. சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார்.

அவள் அவரைப் பார்க்கவே இல்லை. "அவருக்குக் கை காய்ச்சுப் போனப்பவே டாக்டர் தண்ணியைத்தான் சந்தேகப்பட்டார். உங்க அறிக்கையைக் காட்டினதும் விட்டுட்டார். நான் கலங்கலாவே கொடுத்திருந்தா என் வீட்டுக்காரர் இருந்திருப்பாரா?"

பரிசோதகருக்குப் பொய் சொல்ல வராது. அன்று வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இருந்திருக்கலாம்மா."

"'பம்பிலிருந்து நேராகப் பிடிக்கவும்'னு எழுதின சீட்டு என் பையிலதான் இருந்துச்சு," என்றார் அவசரம். "அடுத்த வீட்டுக்கு நேரமாச்சுன்னு நீட்டின புட்டியை வாங்கிட்டு ஓடினேன். பக்கத்துல நின்னு பிடிச்சிருக்கணும். நிக்கலைம்மா."

அவள் அழுதாள். சத்தமில்லாமல் வெகு நேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள், "பக்கத்து வீடுகளுக்கும் இதே தண்ணிதானே? வண்டியில எத்தனை புட்டி இருக்கு?"

"பதினாறு."

புட்டிப் பெட்டியை அவளே தூக்கிக்கொண்டாள். முதல் வீட்டுக்காரி பம்பை நாலு அடி அடித்துவிட்டு, வந்த நிறத்தைப் பார்த்து வெட்கப்பட்டாள். "கொஞ்சம் இருங்கக்கா, தெளிய வெச்சுத் தர்றேன்," என்று உள்ளே திரும்பினாள்.

பெட்டியைத் தூக்கி வந்தவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம்மா. கலங்கலாவே கொடு."

புட்டி கழுத்துவரை நிறையும்வரை அவசரம் பம்பின் பக்கத்திலேயே நின்றார்.