மணிக்காப்பு

காலை ஏழு மணிக்கு எங்கள் அடுக்ககத்தில் எல்லோரும் வாசற்கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணாடி வில்லையின் முன் கையை நீட்டுவோம். பச்சை எரிந்தால் வீட்டில் குளிர் தொடரும். மாலை ஆறு மணிக்கு இன்னொரு முறை. தூத்துக்குடிக்கு மேல் கூரைநகரம் எழும்பிய நாளிலிருந்து இதுதான் வழக்கம். பல் தேய்க்க மறந்தாலும் இதை மறக்கமாட்டோம்.

வில்லை பார்ப்பது மணிக்காப்பை. கடிகாரமும் பட்டையும் ஒரே எஃகாகப் பிணைந்த ஸ்போர்ட்ஸ் வாட்ச். ஒரு காலத்தில் பணக்காரர்கள் படகோட்டப் போகும்போது கட்டிக்கொண்ட அலங்காரச் சாமான், இன்று குடியுரிமை. வேறு வார் மாட்ட முடியாது. அதையே பெருமையாக விளம்பரம் செய்தார்கள். திருடிக் கட்டுபவர்களைப் பிடிக்க ஒரு விதியும் வைத்தார்கள்: எஃகு மணிக்கட்டைச் சுற்றிலும் தோலைத் தொட வேண்டும். தொடாவிட்டால் சிவப்பு. அடுத்தடுத்து இரண்டு வேளை சிவப்பு விழுந்தால் கூரைக்கு வெளியே, ஐம்பத்தாறு டிகிரி வெயிலில்.

நான் மணிக்காப்புப் பணிமனையில் கண்ணி கழற்றுபவன். இளைத்தவர்களுக்குப் பட்டையில் ஒரு கண்ணியைக் கழற்றி இறுக்கி அனுப்புவேன். என் மனைவி ரொசாலினுக்கும் மாதம் ஒன்றாகக் கழற்றினேன். அவளுக்கு இதயம் பழுது, ஆள் பாதியாகிவிட்டாள். போன வாரத்தோடு கழற்றக் கண்ணி இல்லை. மிச்சமிருப்பது கடிகாரத்தோடு சேர்த்து வார்த்த துண்டு. அதை வெட்டினால் வாட்ச் செத்துவிடும். வாட்சை வரைந்த பாவிகள் விளையாட்டு வீரனின் கையை மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள்.

இன்று காலை அவளுக்குச் சிவப்பு விழுந்தது.

துணி சுற்றினோம், வில்லை கண்டுபிடித்துவிட்டது. நான் என் விரல்களால் அழுத்திப் பிடித்தேன். இரண்டு நாடித்துடிப்பு என்று மறுத்தது. ஆஸ்பத்திரிக்காரர்களும் முதலில் வாட்சைத்தான் பார்ப்பார்கள், சிவப்பென்றால் சேர்க்கமாட்டார்கள்.

"ஏங்க, டாக்டரு உப்பு ஏன் கூடாதுன்னாரு?" என்று ரொசாலின் கேட்டாள்.

"ஒடம்புல தண்ணி கட்டும், வீங்கிரும்னு."

"அப்ப வீங்கட்டும்."

"கோட்டி புடிச்சிருக்காட்டி ஒனக்கு? நெஞ்சு தாங்காது."

"வெயிலு மட்டும் தாங்குமா? எடுத்துட்டு வாங்க."

கருவாடு, ஊறுகாய், உப்புக் கரைத்த கஞ்சி. ஒவ்வொரு வாய்க்கும் அவள் முகம் கோணியது. மூன்று மணிக்குக் கால் வீங்கியது. கை வீங்கவில்லை. கட்டிலுக்கு வெளியே கையைத் தொங்கவிட்டுக் கிடந்தாள். ஐந்து மணிக்கு மேல் விரல்கள் தடித்தன. ஆறு மணிக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போய் வில்லையின் முன் நிறுத்தினேன்.

பச்சை எரிந்தது. சந்தோஷத்தில் அவளைக் கட்டிக்கொண்டேன். அப்போதுதான் அவள் நெஞ்சுக்குள் தண்ணீர் களகளவென்று சத்தமிடுவது என் காதில் விழுந்தது. படுக்க வைத்தால் மூச்சு முட்டியது. தலையணைகளை அடுக்கி உட்கார வைத்தேன்.

"காலைல ஏழு மணிக்கும் பச்ச வரணும்லா," என்று அவள் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

நான் அழுதுகொண்டே இன்னொரு கரண்டி உப்பைக் கரைத்தேன். ஒவ்வொரு மிடறுக்கும் நிறுத்தி மூச்சு வாங்கியபடி, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் அவள் குடித்தாள்.