பெரிய தொட்டிக்கு ஒரு கெளுத்தி

பியூலாவின் வீட்டு முன்னறையில் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி இருந்தது. நான்கு அடி நீளம். முன்பு அங்கே குடியிருந்தவர்கள் லாரியில் ஏற்ற இடமில்லாமல் விட்டுவிட்டுப் போனது அது.

பியூலாவும் அம்மாவும் செம்பாக்கத்துக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. அப்பா மஸ்கட்டில் வேலை பார்த்தார். அம்மாவின் பெயர் தபீதாள்; ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மதிய ஷிப்ட் என்றால் அவர் வீடு திரும்ப எட்டரை ஆகிவிடும்.

நாலே காலுக்குப் பள்ளியிலிருந்து வந்து பியூலாவே பூட்டைத் திறப்பாள். பிளாஸ்கில் இருக்கும் பாலைக் குடிப்பாள். வீட்டுப்பாடத்தை எழுதி முடிப்பாள். அதற்குப் பிறகு என்ன செய்வது என்று தெரியாது. சில நாட்கள் சமூக அறிவியல் புத்தகத்தைச் சத்தமாகப் படிப்பாள். பரீட்சைக்காக இல்லை. வீட்டில் ஏதாவது ஒரு குரல் கேட்கட்டுமே என்றுதான்.

மதில் சுவருக்கு அந்தப் பக்கம் எப்போதும் சத்தம்தான். ஜெயக்கொடி என்ற பெண்ணும் அவளுடைய சித்தப்பா பிள்ளைகளும் அங்கே தரையில் கட்டம் கிழித்து நொண்டியடித்து விளையாடுவார்கள். வந்த புதிதில் ஜெயக்கொடி சுவர்மேல் எட்டிப் பார்த்து, "பாண்டி ஆட வர்றியா?" என்று கேட்டாள்.

"ஹோம்வொர்க் இருக்கு" என்று சொல்லிவிட்டாள் பியூலா.

அன்றைக்கு வீட்டுப்பாடமே கிடையாது. வெட்கத்தில் வாய் அப்படிச் சொல்லிவிட்டது. அதன்பிறகு யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆலயத்திலிருந்து திரும்பி வரும்போது பியூலா கேட்டாள்: "அம்மா, அந்தத் தொட்டியில ஒரு மீன் வளர்க்கட்டுமா? பெரிய மீனா?"

"சின்ன மீன்னா நாலஞ்சு விடலாமே?"

"சின்ன மீனுக்கு நம்மளை அடையாளம் தெரியாதும்மா. பெரிய மீனுக்குத் தெரியும்."

அம்மா நடையைக் கொஞ்சம் மெதுவாக்கினார். "சரி. சனிக்கிழமை எனக்கு ஆஃப்தான். போய் வாங்கிட்டு வரலாம்" என்றார்.

பியூலா வெள்ளிக்கிழமையே தொட்டியைக் கழுவித் தண்ணீர் நிரப்பி வைத்தாள். உடைந்த பூந்தொட்டி ஒன்றை உள்ளே கவிழ்த்துப் போட்டாள். ஒரு சணல் கயிற்றை எடுத்து, கண்ணாடித் தொட்டியின் நீளத்துக்கு ஒரு முடிச்சும் அகலத்துக்கு ஒரு முடிச்சும் போட்டுக்கொண்டாள்.

மேற்குத் தாம்பரத்தில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தது தசரதன் அண்ணனின் மீன் கடை. ஒரு தொட்டியில் வெள்ளி நிறத்தில் இரண்டு மீன்கள் ஒன்றின்பின் ஒன்றாகச் சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்று திரும்பினால் மற்றதும் திரும்பியது.

"இது இன்னா மீன் தெரியுமா பாப்பா? சுறா!" என்றார் தசரதன்.

பியூலா குனிந்து பார்த்தாள். "சுறாவுக்கு மீசை இருக்குமாண்ணா?"

தசரதன் தலையைச் சொறிந்தார். "பாத்துட்டியா? கெளுத்தி ஜாதிதான். சுறான்னு சொன்னாத்தான் ஜனங்க வாங்குது."

"எவ்ளோ பெருசா வளரும்?"

"அது வளரும், ரெண்டு மூணு முழம்."

பியூலா கயிற்றை எடுத்துப் பிரித்தாள். "எங்க தொட்டியே மூணு முழம்கூட இல்லண்ணா. அப்புறம் அது எப்படித் திரும்பும்?"

"ரிவர்ஸ்லதான் வரணும்" என்றார் அம்மா.

"அதுக்கு இன்னும் ரெண்டு வருஷம் கீது மேடம்! அப்ப பாத்துக்கலாம்."

பியூலா யோசித்தாள். அந்த மீன்கள் அவ்வளவு அழகாக இருந்தன. அவள் யோசிப்பதைப் பார்த்த தசரதன், வலையை விட்டு ஒன்றைப் பிடித்துத் தண்ணீர்ப் பைக்குள் போட்டார்.

பைக்குள் விழுந்த மீன் துள்ளவில்லை. பக்கவாட்டில் சாய்ந்து அப்படியே கிடந்தது. தொட்டியில் இருந்த மற்றது அங்குமிங்கும் பாய்ந்து கண்ணாடியில் முட்டிக்கொண்டது.

"செத்துப் போச்சா?" என்று பதறினாள் பியூலா.

"சாவல பாப்பா, பயத்துல அப்பிடி ஆக்ட் குடுக்குது. ரெண்டு நாள்ல சரியாயிடும்."

"வேணாம்ணா. திருப்பி அங்கேயே விட்டுடுங்க."

"நீதானே பெரிய மீன் கேட்டே?" என்றார் அம்மா.

"இதுக்குத் தனியா இருக்கத் தெரியாதும்மா. ரெண்டையும் கொண்டு போனா நம்ம தொட்டி பத்தாது."

அம்மாவின் கை பியூலாவின் தோள்மேல் வந்து விழுந்தது. தசரதன் பையைத் தொட்டியில் கவிழ்த்ததும் அந்த மீன் உயிர் பெற்றதுபோலப் பாய்ந்து தன் ஜோடியிடம் போனது.

"தனியா இருக்கிற மீன் ஏதாவது இருக்காண்ணா?" என்று கேட்டாள் பியூலா.

கடைசி வரிசையில், கீழ்த்தொட்டியில், கறுப்பு உடம்பில் புள்ளி புள்ளியாக ஒரு மீன் கல்லோடு கல்லாக ஒட்டிக்கிடந்தது. ஒரு சாண் நீளம். வாய் உறிஞ்சிபோல அடியில் இருந்தது. அதன் ஓரத்தில் குட்டியாக இரண்டு மீசை.

"இதுவும் கெளுத்திதான். சக்கர் மீனுன்னு பேரு. ஒரு முழத்துக்கு மேல வளராது. இன்னொண்ண வுட்டா சண்ட போடும், ஒண்டியாத்தான் இருக்கணும். ஒரு வூட்ல வாங்கினு போய் திருப்பிக் குடுத்துட்டாங்க."

"ஏன்?"

"மூஞ்சி நல்லா இல்லையாம். ஒளிஞ்சிக்கினே கீதாம்."

பியூலா கயிற்றை அகலத்து முடிச்சு வரை கையால் அளந்து பார்த்தாள். தொட்டியின் அகலம் சரியாக ஒரு முழம். வளர்ந்தாலும் சுகமாகத் திரும்பும்.

"இதையே குடுங்கண்ணா."

"கொஞ்சம் காய்கறி போடு. சுரைக்கா, வெள்ளரிக்கான்னா உசுரு" என்றபடி தசரதன் அதைப் பையில் போட்டார்.

வீட்டுக்கு வந்ததும் மீன் நேராக உடைந்த பூந்தொட்டிக்குள் புகுந்துகொண்டது. புகுந்தது புகுந்ததுதான்.

திங்கட்கிழமை பள்ளிவிட்டு வந்து பியூலா கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்தாள். வால் நுனி மட்டும் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை அதுவும் தெரியவில்லை. போட்ட தீனி கரைந்து தண்ணீர்தான் கலங்கியது. வீட்டில் இப்போது இரண்டு பேர் இருந்தார்கள். ஆனாலும் அவள் புத்தகத்தைச் சத்தமாகத்தான் படிக்க வேண்டியிருந்தது.

புதன்கிழமை நல்ல மழை. பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். மதியம் அம்மா வேலைக்குப் போன பிறகு பியூலா காய்கறிக் கூடையைப் பார்த்தாள். உருளைக்கிழங்கும் வெங்காயமும்தான் இருந்தன. மழையில் தள்ளுவண்டிக்காரரும் வரவில்லை.

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஜெயக்கொடி வீட்டுக் கூரைமேல் சுரைக்கொடி படர்ந்திருந்தது. நீளமாக மூன்று காய்கள் தொங்கின.

குடையை எடுத்துக்கொண்டு சுவர் வரை போனாள். திரும்பி வந்துவிட்டாள். மறுபடி போனாள். மறுபடியும் திரும்பினாள். 'போய் என்னன்னு கேக்கறது? அஞ்சு மாசமா பேசாதவ, இப்ப வந்து சுரைக்காய் கேக்கறாளேன்னு சிரிப்பாங்களே!'

ஆனால் உள்ளே ஒரு ஜீவன் நாலு நாளாகப் பட்டினி கிடந்தது.

"ஜெயக்கொடி!" என்று கூப்பிட்டாள். முதல் தடவை குரலே வரவில்லை. இரண்டாவது தடவை கொஞ்சம் அதிகமாகவே வந்துவிட்டது.

ஜெயக்கொடி தலையில் கோணிப்பையைக் கவிழ்த்துக்கொண்டு ஓடி வந்தாள். "இன்னா? இன்னா ஆச்சு?"

"ஒரு... ஒரு துண்டு சுரைக்காய் கிடைக்குமா?"

"குழம்புக்கா?"

"இல்ல, மீனுக்கு."

"மீன் குழம்புல யாராவது சுரைக்கா போடுவாங்களா?"

"குழம்பு இல்ல! மீன் உயிரோட இருக்கு. அதுதான் சாப்பிடும்."

ஜெயக்கொடியின் வாய் பிளந்தது. "சுரைக்கா தின்ற மீனா? எங்க, காட்டு!"

அடுத்த நிமிஷம் அவள் கையில் ஒரு சுரைக்காய் இருந்தது. அதற்கடுத்த நிமிஷம் அவளே பியூலாவின் வீட்டுக்குள் இருந்தாள்.

பியூலா ஒரு வில்லை நறுக்கி, கூழாங்கல்லோடு சேர்த்து நூலால் கட்டித் தொட்டிக்குள் இறக்கினாள். இருவரும் கண்ணாடியில் மூக்கை வைத்துக் காத்திருந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

"மீன் நெசமாவே கீதா?"

"சத்தியமா இருக்கு. நாம இப்படி உத்துப் பார்த்தா அதுக்குப் பயமா இருக்கோ என்னவோ. புது இடம்தானே?" என்றாள் பியூலா. அதைச் சொன்னதும் அவளுக்கே என்னவோபோல இருந்தது. "வா, தள்ளி உக்காரலாம்."

விளக்கைப் போடாமல், வாசற்படியில் தொட்டிக்கு முதுகைக் காட்டி இருவரும் உட்கார்ந்தார்கள். வெளியே மழை கொட்டியது.

"அன்னிக்கு பாண்டி ஆடக் கூப்ட்டேனே, ஏன் வரல?" என்று கேட்டாள் ஜெயக்கொடி.

"எனக்குப் பாண்டி ஆடத் தெரியாது."

"இவ்ளோதானா! எங்கள புடிக்கலையோன்னு நெனச்சேன்."

பிறகு ஜெயக்கொடி தன் பள்ளியில் குரங்கு புகுந்து சத்துணவு முட்டையைத் தூக்கிக்கொண்டு போன கதையைச் சொன்னாள். தான் முன்பு படித்த அரக்கோணத்துப் பள்ளியில் ஆசிரியர் நாற்காலியோடு சாய்ந்து விழுந்த கதையை பியூலா சொன்னாள். சிரித்துச் சிரித்து இருவருக்கும் வயிறு வலித்தது. மழை விட்டதுகூடத் தெரியவில்லை.

"ஐயோ, மீன்!" என்று திடீரென்று எழுந்தாள் பியூலா.

இருவரும் தொட்டியிடம் ஓடினார்கள். கூழாங்கல்லில் சுரைக்காயின் பச்சைத் தோல் மட்டும் வளையம்போலத் தொங்கிக்கொண்டிருந்தது. மீன் பூந்தொட்டிக்குள் போயிருந்தது.

"எப்ப வந்துச்சு? எப்ப தின்னுச்சு?" என்றாள் ஜெயக்கொடி.

"தெரியலையே! நான் பார்க்கவே இல்லையே!" என்றாள் பியூலா, முகமெல்லாம் சிரிப்பாக.