லைனிங்கில் ஈரம்

திங்கட்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. பார்வையாளர் இல்லாத அந்தப் பகலில்தான் ஒத்திகை வைக்க முடியும். ஓவியக்கூடங்களில் நடனம், நாடகம், ஆடை அணிவகுப்பு என்று நிகழ்ச்சிகளை வடிவமைத்து நடத்துவது அக்காவின் வேலை. இந்த முறை, பழைய வீடுகளில் கேட்டு வாங்கிய உடைகளை அணிந்து, ஓவியங்களுக்கு நடுவே பெண்கள் நடந்து வருவதாகத் திட்டம். நடனக்காரியான அவள் தங்கையும் அவர்களில் ஒருத்தி.

கடைசியாக வந்த அட்டைப்பெட்டியைத் தையல்காரர் திறந்தார். திறந்த வேகத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உள்ளே கழுத்து மூடிய, கணுக்கால்வரை நீண்ட வெண்பட்டு அங்கி. பார்க்க அப்படியொரு அழகு. ஆனால் அந்த நாற்றம்! பல நாள் விளக்காத வாயும், மாற்றாமல் விட்ட புண்கட்டும் சேர்ந்தது போல.

“இத எதுலம்மா துவைச்சாங்க? எச்சில்லயா?” என்றார் தையல்காரர்.

அதைப் போட வேண்டிய பெண், “ஆளை விடுங்க” என்று மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கிவிட்டாள்.

“குடுக்கா, நான் போட்டுக்கறேன்,” என்றாள் தங்கை. “இதை வாங்க எவ்வளவு அலைஞ்ச நீ. ஒரு சுத்து நடந்துட்டுக் கழட்டிடறேன்.”

தையல்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு முதுகுப் பக்கக் கொக்கிகளை மாட்டினார். அவளுக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போல அங்கி உடம்போடு படிந்தது.

கூரைக் கண்ணாடி வழியாக வெயில் விழுந்துகொண்டிருந்த பெரிய கூடத்தில் தங்கை நடக்கத் தொடங்கினாள். பாதி தூரத்தில் நடை மாறியது. துள்ளி நடப்பவள் இடக்காலை இழுத்து இழுத்து வந்தாள். யாரையோ முதுகில் சுமப்பவள் போல வளைந்தாள்.

“பிரமாதமா நடிக்கிறா,” என்றார் தையல்காரர்.

அக்கா தரையைப் பார்த்தாள். தங்கையின் பின்னால் பளிங்கில் ஒரு கோடு வந்துகொண்டிருந்தது. நத்தை ஊர்ந்த தடம் மாதிரி. மஞ்சளாக, பிசுபிசுவென்று.

தங்கை நின்றாள்.

“அக்கா, ஈரமா இருக்கு.”

“வேர்வையா இருக்கும்டி.”

“எனக்கு வேர்க்கல.” உதடு மட்டும் அசைந்தது. “லைனிங்குக்கும் என் முதுகுக்கும் நடுவுல யாரோ இருக்காங்க.”

அக்கா ஓடினாள். கொக்கிகள் ஒன்றுகூட அசைந்து கொடுக்கவில்லை. கழுத்துப் பட்டி வழியாகக் கையை உள்ளே விட்டாள்.

காய்ச்சல் நாட்களில் எத்தனையோ தடவை தடவிக்கொடுத்த முதுகு. அவள் கைக்கு அது தெரியும்.

இது அது இல்லை.

தொளதொளவென்று மடிப்பு மடிப்பாகத் தொங்கும் தோல். தண்ணீரில் நாள்கணக்காக ஊறிய மாதிரி. தொட்ட இடம் வழுக்கிக்கொண்டு நகர்ந்தது.

பிறகு உள்ளே இருந்தது அவள் கைப்பக்கம் திரும்பியது.

ஆள்காட்டி விரலை ஏதோ கவ்விக்கொண்டது. கடிக்கவில்லை. கடிக்கப் பல்லே இல்லை. மெத்தென்ற, சூடான ஈறுகள்.

சப்பியது.

அக்கா கையை உருவிக்கொண்டு நின்ற இடத்திலேயே வாந்தி எடுத்தாள். வாயைக்கூடத் துடைக்காமல், “கத்தரிக்கோல எடுங்க!” என்று அலறினாள்.

“அடுத்தவங்க பொருளும்மா...”

“வெட்டுங்கன்றேன்!”

தையல்காரர் கழுத்திலிருந்து கீழ்வரை வெட்டிக்கொண்டே போனார். அங்கி சொத்தென்று தரையில் விழுந்தது.

உள்ளே யாருமில்லை. தங்கையின் முதுகெல்லாம் வட்ட வட்டமாகச் சிவந்திருந்தது. ஒவ்வொரு வட்டத்திலும் எச்சில் மினுங்கியது.

கழிவறையில் சோப்புப் போட்டுத் தேய்த்தாள் அக்கா. எரிகிறது என்று தங்கை அழுதும் விடவில்லை.

“போயிடுச்சாக்கா?”

“போயிடுச்சுடி கண்ணு.” சொல்லிக்கொண்டே மறுபடி சோப்பை எடுத்தாள்.

அங்கியைக் கொடுத்த மனிதருக்குப் போன் செய்தாள்.

“எங்க பெரியம்மாவோடதுங்க,” என்றார் அவர். “படுத்த படுக்கையா கிடந்தப்பகூட அதைக் கழட்ட விடல. புண்ணோட ஒட்டிப்போச்சு. அவங்க போனப்புறம் கழட்டினப்ப தோலும் சேர்ந்துதான் வந்துச்சு. நல்லா துவைச்சுத்தான் குடுத்தோம். அவங்களுக்குத் தனியா இருக்கப் பிடிக்காதுங்க. யாராவது போட்டுக்கிட்டா...”

“இன்னைக்கே திருப்பி அனுப்பறேன்.”

“வேண்டாங்க,” என்றார் அவசரமாக. “எங்க வீட்டுல குழந்தைங்க இருக்கு.”

போனை வைத்துவிட்டார்.

பூச்சி அரித்த துணிகளை உறைய வைத்துப் பூச்சியைக் கொல்ல அருங்காட்சியகத்தில் ஒரு குளிர் அறை உண்டு. அக்கா தடிமனான பிளாஸ்டிக் பையில் அங்கியைத் திணித்து, காற்றை உறிஞ்சி எடுத்து, ஒட்டி, அங்கே போட்டுப் பூட்டினாள். அந்த ஒரு உடை இல்லாமலே நிகழ்ச்சி நடந்தது. எல்லோரும் பாராட்டினார்கள். தங்கையின் முதுகும் ஆறிவிட்டது. அதன் பிறகுதான் அங்கியைக் கொளுத்திவிடும் துணிச்சல் அக்காவுக்கு வந்தது. துணைக்குத் தையல்காரரை அழைத்துக்கொண்டு குளிர் அறையைத் திறந்தாள்.

தட்டுகளில் இருந்த மற்ற பைகளெல்லாம் வெளுத்து உறைந்து கிடந்தன. அங்கி இருந்த பை மட்டும் உப்பியிருந்தது. உட்புறம் முழுக்க ஆவி படிந்து, உள்ளே இருப்பது தெரியவில்லை.

“காத்து கீத்து புகுந்திருக்குமாம்மா?” என்று தையல்காரர் குனிந்து முகத்தைக் கிட்டே கொண்டுபோனார்.

அவர் முகத்துக்கு நேரே, உள்பக்கத்து ஆவியில், கீழிருந்து மேலாக ஒரு பட்டை மெதுவாகத் துடைபட்டது. ஒரு நாக்கின் அகலத்துக்கு.