பாறைமுனைக் குரல்

எதிரொலி ஒன்று அதிகமாக வந்தது.

பாறைமுனையில் நின்று யோர்தாங்கா "ஏய்ய்!" என்று கத்தியிருந்தாள். அங்கே வருகிற எல்லோரும் செய்வதுதான். எதிர்மலை ஒருமுறை திருப்பிச் சொன்னது. அதற்குப் பின்னாலிருந்த மலை மெலிதாக இன்னொரு முறை. அவள் சிரித்துவிட்டு, பையிலிருந்த பனித்சாவை, பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட அடை அப்பத்தை, ஒரு கடி கடித்து, மென்று விழுங்கிய பிறகு மூன்றாவது "ஏய்ய்" வந்தது. மலையிலிருந்து அல்ல. கீழே, பீச் என்னும் காட்டுமரங்களுக்குள்ளிருந்து.

யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தாள். அப்படி நினைப்பதில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. ஐம்பத்திரண்டு வயது. கணவன் பிரிந்துபோய்ப் பல வருடம். மகள் ஸ்பெயினுக்குப் பழம் பறிக்கப் போனவள், அங்கேயே ஒருவனைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டாள். மலையடிவாரத்துச் சிற்றூருக்கு யோர்தாங்கா குடிவந்து மூன்று மாதம். வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுப் படங்களுக்கு வசனம் எழுதும் வேலை. நாள் முழுக்கப் பிறர் பேச்சு காதில் ஓடும். அவள் வாயைத் திறக்க மட்டும் வேளையே வராது. அன்று மதியம் காட்டு வாசலில் காவலர் ராங்கெலிடம் பேசியதுதான் நாலு நாளில் அவளுடைய முதல் பேச்சு.

"மரத்துல பூசியிருக்கிற மஞ்சக் குறிய விட்டுறாதீங்கம்மா. ஆறு கிலோமீட்டர் சுத்தி, இதே இடத்துக்கு வந்து சேருவீங்க. நாலரைக்குக் கேட்டப் பூட்டிருவேன். அப்புறம் கரடி வீட்லதான் ராத்தங்கல்."

"கரடி நல்லா சமைக்குமா?"

"உங்களயே சமைக்கும், போங்க!" அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

பாதை பாறையிலிருந்து சரிந்து இறங்கியது. நவம்பர் மழையில் ஊறிக் கறுத்த இலைகள் காலடியில் ஓசையில்லாமல் அமுங்கின. காளானும் அழுகிய மரப்பட்டையும் கலந்த வாடை தொண்டைவரை வந்து உட்கார்ந்தது. சாம்பல் நிற அடிமரங்கள் வரிசை வரிசையாக விலகி விலகி, மூடுபனி தொடங்கும் இடத்தில் ஒன்றோடொன்று கலந்து மறைந்தன. ஒரு பறவைச் சத்தம் இல்லை.

"ஏய்ய்!"

இப்போது இடப்பக்கம். அவள் கத்தவில்லை. ஆனால் கடைசியில் லேசாக உடைகிற அந்தக் குரல் அவளுடையதுதான்.

"யாரு அது?" என்றாள். தொண்டை கட்டியதுபோல் சத்தம் பாதிதான் வந்தது.

இருபது அடி நடந்திருப்பாள்.

"யாரு அது?" என்றது காடு. முழுக்குரலில். தெளிவாக.

அவள் நடையை எட்டிப்போட்டாள். மஞ்சள் குறி. அடுத்த மஞ்சள் குறி. "ராங்கெல்!" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். காற்றுதான் வந்தது. எங்கோ மரத்துக்குப் பின்னால் அவள் குரல் "ராங்கெல்!" என்று கணீரென்று ஒலித்தது. இனி வாயே திறக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

திறக்கத் தேவையில்லாமல் போயிற்று.

"எனக்கென்னடி, நல்லாத்தான் இருக்கேன்," என்றது குரல். ஞாயிறுதோறும் தொலைபேசியில் மகளிடம் அவள் சொல்வது. சற்றுப் பொறுத்து, இன்னும் கிட்டத்தில், காதோரம்போல:

"நீ எப்பம்மா வருவ?"

அதை அவள் மகளிடம் ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை.

ஓடினாள். வேர் தடுக்கியது. விழுந்தாள். உள்ளங்கை கிழிந்தது. எழுந்தாள். மஞ்சள் குறி. பாலம். மஞ்சள் குறி. வேலி. வாசல்.

வாசல் திறந்தே கிடந்தது. காவல் அறையில் அடுப்பு எரிந்தது. தேநீர் இன்னும் ஆவி விட்டது. ராங்கெல் இல்லை. பாதையின் மறுமுனையில், மதியம் அவள் நுழைந்த பக்கம், மரங்களுக்குள் ஒரு கைவிளக்கு ஆடிக்கொண்டு போனது.

"எங்கம்மா இருக்கீங்க? மணி அஞ்சாகப் போகுது!"

"இங்கதான்! கால் பிசகிருச்சு, கொஞ்சம் வாங்களேன்!" என்றது அவள் குரல், காட்டின் ஆழத்திலிருந்து.

அவள் வாயைப் பிளந்து கத்தினாள். ஒன்றும் வரவில்லை. வாசலின் தகரப் பலகையை இரண்டு கையாலும் அறைந்தாள். விளக்கு ஒரு கணம் நின்றது.

"இந்தா வர்றேன், அசையாதீங்க!" விளக்கு உள்ளே போனது.

தகரத்தில் அவள் கை ரத்தம் ஒழுகியது. அடித்துக்கொண்டே இருந்தாள்.

வெகுநேரம் கழித்து அவர் வந்தார். விளக்கு இல்லை, தொப்பி இல்லை. நேரே அவளிடம் வந்து தோள்களைப் பிடித்தார். அவர் உதடுகள் அசைந்தன. வேகவேகமாக, கெஞ்சுவதுபோல அசைந்தன. அவளும் பதில் சொன்னாள், கழுத்து நரம்பு புடைக்க. இருவர் வாயிலும் மூச்சின் புகை மட்டும் வந்தது.

காட்டுக்குள் ஓர் ஆணும் பெண்ணும், அவர் குரலிலும் அவள் குரலிலும், பேசிக்கொண்டு நடந்தார்கள்.

"மழை வரும்போல இருக்கே."

"வந்தா வரட்டும். நீங்கதான் கூட இருக்கீங்களே."

சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஊருக்குப் போகும் சாலைப் பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது.