பூசை நாளில் ஓடிய எஞ்சின்

பூசை போட்ட எஞ்சின் அன்றைக்கு ஓடக் கூடாது. ஆயுத பூசையில் சந்தனம் வைத்த சுத்தியலைக்கூட யாரும் தொடுவதில்லை. மறுநாள் தேங்காய் உடைத்து எழுப்பிய பிறகுதான் வேலை. பொம்மிடி கடலை மில்லில் வேடியப்பன் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான். இந்த வருசம், போட்ட மாலை வாடுவதற்குள், மேஸ்திரி காளியப்பன் எஞ்சினைக் கிளப்பிவிட்டார். கூலியாட்களுக்குப் படம் காட்ட முதலாளி சேலத்திலிருந்து சினிமா மிஷினை வரவழைத்திருந்தார். அதற்குக் கரண்டு வேண்டும்.

"ஏனுங் மேஸ்திரி, தூங்கறத இன்னிக்கே எழுப்பறீங்களே?" என்று வேடியப்பன் கேட்டான்.

"ஓசியில படம் காட்டறாங்க. பயமா இருந்தா போயி வெயில்ல காயி."

எல்லோரும் சிரித்தார்கள். அதே மில்லில் பருப்பு பொறுக்கும் அவன் பெண்சாதி ரங்கம்மாளும் சிரித்தாள். அவளுக்கு ஏழு மாசம்.

"மூஞ்சிய உம்முனு வெச்சிக்காதீங்க. ஒரு நாளாச்சும் இதுக்குள்ள குந்திச் சிரிச்சிட்டுப் போலாம்" என்றவள் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

பட்டப்பகலில் இருட்டு வேண்டும் என்று ஜன்னல்களுக்கெல்லாம் சாக்கு கட்டி, கதவைச் சாத்தி, யாரும் திறந்துவிடாதபடி வெளியே தாழ் போட்டார்கள். உள்ளே கடலைத் தூசியும் எண்ணெய்ச் சிக்கும் வாடிய சாமந்தியும் நூறு பேர் வேர்வையும் ஒன்றாய்க் கலந்து தொண்டையில் அப்பின.

பேசாத படம். தொழிற்சாலையில் ஒரு வெள்ளைக்காரக் கோமாளி, ஓடும் பட்டையில் வரிசையாக வரும் ஜாடிகளுக்கு மூடி திருகினான். வேலை முடிந்தும் கை நிற்கவில்லை. கதவுக் குமிழைத் திருகினான், முதலாளியின் மூக்கைத் திருகினான், தெருவில் போகிறவன் தலையைத் திருகினான். மில்லே உருண்டு சிரித்தது. வேடியப்பனுக்கும் சிரிப்பு வந்தது. மூட்டை தூக்கித் தூக்கி, தூக்கத்திலும் மடங்கிக்கொள்ளும் தன் விரல்களை நினைத்துக்கொண்டான்.

அப்போது எஞ்சின் இரண்டு முறை இருமியது. நின்றுவிட்டது.

படம் நிற்கவில்லை.

திரும்பிப் பார்த்தான். எஞ்சின் பெல்ட்டு தொங்கிக் கிடந்தது. மேஸ்திரி திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். வாய் அகலத் திறந்திருந்தது, தோள் குலுங்கியது, சத்தம் மட்டும் இல்லை. பக்கத்தில் கூட மூட்டை தூக்கும் மாரப்பன். அவனும் அப்படியே. நூறு வாய்கள். ஒரு சத்தமும் இல்லை. எல்லா முகமும் திரையைப் போலவே சாம்பலும் வெள்ளையுமாக.

ரங்கம்மாளை வெளியே கூட்டிப் போய்விட வேண்டும். அது ஒன்றுதான் தோன்றியது. உட்கார்ந்திருந்தவர்கள் கால்களை மிதித்துக்கொண்டு பெண்கள் பக்கம் ஓடினான். யாரும் திட்டவில்லை. யாரும் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

அந்தப் பக்கம் இருந்த கதவை முதலில் இடித்தான். இரும்புக் கதவு. முட்டி கிழிந்தது. சத்தம் வரவில்லை. "தெறங்கடா!" என்று கத்தினான். தொண்டை அதிர்ந்தது. அவ்வளவுதான்.

திரும்பினான். எல்லார் கைகளும் எழும்பியிருந்தன. காற்றில் எதையோ பிடித்தன. திருகின. விட்டன. பிடித்தன. திருகின.

ரங்கம்மாளின் கைகளும்.

அவள் மணிக்கட்டைப் பிடித்தான். குளிர்ந்த இரும்பு. அவன் பிடிக்குள்ளேயே திருகிக்கொண்டிருந்தது. அவள் அவனைப் பார்த்துச் சிரித்தாள். வாய் நிறையப் பற்கள்.

குழந்தை.

மண்டியிட்டான். அவள் வயிற்றில் இரண்டு கையையும் வைத்தான். உள்ளே அசைவு இருந்தது. உயிர் இருந்தது. சாமியைக் கூப்பிட வாயெடுத்தான்.

அது உதைக்கவில்லை. சுற்றியது. நின்றது. சுற்றியது. சுற்றிலும் இருந்த கைகளின் அதே தாளத்தில்.

கையை எடுக்கப் பார்த்தான். வரவில்லை. விரல்கள் அந்த வயிற்றைச் சுற்றி மெல்ல மடங்கின. இறுகின.

திருகத் தொடங்கின.